“எல்லாத்தையும் வாட்ஸப்புல அனுப்பிடும்மா”: பெண்ணின் ஆதாரமும் வக்கீலின் அறமும்

குடும்பநல நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள எந்த வக்கீல் அலுவலகத்திலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு பெண் வந்து உட்கார்கிறாள். துணைக்கு அம்மாவோ அக்காவோ வந்திருப்பார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கல்யாணத்திலிருந்தே சொல்ல ஆரம்பிக்கிறாள். பாதியில் வக்கீல் குறுக்கிட்டு, “அதுக்கெல்லாம் ப்ரூஃப் ஏதாவது இருக்காம்மா?” என்கிறார். அவள் கைப்பேசியை எடுக்கிறாள். நள்ளிரவில் வந்த வசைகள், குரல் பதிவுகள், வீங்கிய கன்னத்தைக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று தானே எடுத்துவைத்த படம், மிரட்டுவதற்காகவே அவளுக்கு அனுப்பப்பட்ட ஒரு வீடியோ. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வக்கீலும் சங்கடப்பட்டு, “சரி சரி, எல்லாத்தையும் வாட்ஸப்புல அனுப்பிடும்மா. குமாஸ்தா பிரிண்ட் போட்டுக்குவார்” என்கிறார்.

இதைச் சொன்னவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேலை நடக்க வேண்டும், மனு தாக்கலாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவள் விரல் பட்ட அடுத்த கணத்திலிருந்து அந்தப் படங்கள் எங்கெல்லாம் போகின்றன என்று பின்தொடர்ந்து பாருங்கள். வக்கீலின் கைப்பேசியில் தானாக இறங்கி கேலரியில் உட்கார்கின்றன. அங்கிருந்து அவருடைய மேகக் கணக்கில் தானாகவே ஒரு பிரதி சேர்கிறது. “இதைப் பாரு” என்ற ஒரு வார்த்தையோடு ஜூனியரின் கைப்பேசிக்குப் போகின்றன. ஜூனியரிடமிருந்து குமாஸ்தாவுக்கு. அலுவலகத்தில் கலர் பிரிண்டர் இல்லையென்றால் குமாஸ்தாவிடமிருந்து நீதிமன்ற வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையின் வாட்ஸப் எண்ணுக்கு. கடைக்காரரின் கணினியில் ‘டவுன்லோட்ஸ்’ என்ற பொட்டலத்தில் இன்னொரு பிரதி. அன்று மாலைக்குள் அந்தப் பெண்ணின் உடலும் அழுகையும் ஐந்தாறு இடங்களில் இருக்கின்றன. வழக்கு ஐந்து வருடம் நடந்து முடிந்தாலும், சமாதானமாகப் போனாலும், அவள் வக்கீலையே மாற்றிக்கொண்டாலும், அவை அங்கேயேதான் இருக்கும். அழிக்க வேண்டியது யார் பொறுப்பு என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

வழக்கறிஞர்களின் தொழில் அறத்தைப் பற்றி நாம் பேசும்போது பொய் வழக்கு, கட்சி மாறுவது, பணம் கையாடுவது போன்றவற்றையே பேசிவந்திருக்கிறோம். டிஜிட்டல் என்று வந்தால் இணையக் குற்றவாளிகள், மோசடிச் செயலிகள் என்று வேறெங்கோ பார்க்கிறோம். அன்றாடமாக, நல்லெண்ணத்தோடு, வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் நடக்கும் இந்த ‘அனுப்பிடும்மா’வை யாரும் அறப் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. பெண்ணியப் பார்வையில் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: வழக்குக்காகத் தரப்படும் ஒரு பெண்ணின் ஆதாரம் யாருடையது? அதை யார் பார்க்கலாம், எத்தனை பிரதி எடுக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்பவர் யார்?

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை வக்கீல் வெளியிடக் கூடாது என்பது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. வக்கீலின் குமாஸ்தாவுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பணியாளருக்கும் இது பொருந்தும் என்று 127ஆம் பிரிவு சேர்த்துச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் இவை 132ஆம் பிரிவாக வந்திருக்கின்றன. வழக்கு முடிந்த பிறகும் இந்தக் கடமை தொடரும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இந்தக் கடமையை மீறுவது தொழில் ஒழுக்கக்கேடு என்று பார் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. எழுத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. குமாஸ்தாவையும் மறக்காத சட்டம்.

ஆனால் இந்தச் சட்டம் எதை ரகசியம் என்று நினைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘சொல்லக் கூடாது’ என்கிறது. ரகசியம் வாயில் இருக்கிறது, வாயை மூடினால் காப்பாற்றியாயிற்று என்பது அதன் நம்பிக்கை. எங்கே வைத்திருக்க வேண்டும், எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும், எத்தனை பிரதி எடுக்கலாம் என்று அது பேசவில்லை. பேசியிருக்கவும் முடியாது. அந்தக் காலத்தில் ரகசியம் ஒரு கட்டு காகிதமாக, சிவப்பு நாடா கட்டி அலமாரியில் இருந்தது. பூட்டினால் போதும். இன்று வக்கீல் வாயே திறக்காமல் ரகசியம் வெளியேறிவிடும். பழுது பார்க்கக் கொடுத்த கைப்பேசி வழியாக, பழைய விலைக்குப் போட்ட மடிக்கணினி வழியாக, விளையாடுவதற்காக அப்பாவின் போனை வாங்கிய மகன் வழியாக.

சட்டம் கற்பனை செய்துகொண்ட கட்சிக்காரரும் வேறு ஆள். நிலத் தகராறில் ஒரு கிரயப் பத்திரத்தின் நகல் வெளியே போனால் பெரிய சேதம் இல்லை. வழக்கில் ஜெயித்தால் நிலம் கிடைத்துவிடும். தன் உடலையும் படுக்கையறையையும் அவமானத்தையும் ஆதாரமாகக் கொண்டுவரும் பெண்ணுக்கு அப்படியல்ல. அவளுடைய வீடியோ வெளியே போய்விட்டால் வழக்கில் ஜெயித்தும் பயனில்லை. எந்தக் காயத்துக்கு நியாயம் கேட்டு வந்தாளோ அதே காயம் இரண்டாவது முறை, இந்த முறை அவளுக்காக வாதாட வந்தவர் மூலமே, நிகழ்கிறது. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை தந்த மூத்த வழக்கறிஞர்களுக்கே அமலாக்கத் துறை சம்மன் அனுப்பிய சர்ச்சையை அடுத்து, தாமாக முன்வந்து எடுத்த வழக்கு அது. வக்கீலின் கைப்பேசியோ கணினியோ விசாரணைக்கு வேண்டுமென்றால் நீதிமன்றத்தின் முன்தான் ஒப்படைக்க வேண்டும், கட்சிக்காரரும் வக்கீலும் இருக்கும்போதுதான் திறக்க வேண்டும், அதில் இருக்கும் மற்ற கட்சிக்காரர்களின் ரகசியத்துக்குப் பங்கம் வரக் கூடாது என்றது நீதிமன்றம். வக்கீலின் கைப்பேசி பலருடைய ரகசியங்கள் சேர்ந்திருக்கும் இடம் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது முக்கியமானது, வரவேற்கிறோம். ஆனால் அரசின் கை உள்ளே வராமல் தடுக்கும் கதவு அது. கைப்பேசியிலிருந்து ஜெராக்ஸ் கடைக்குப் போகும் பின்வாசலை அது பார்க்கவில்லை. பெண்களின் ரகசியங்கள் அதிகம் வெளியேறும் வழி அதுதான்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். 2023இல் நிறைவேறிய அந்தச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் சட்ட உரிமையை நிலைநாட்டுவதற்காகத் தரவுகளைக் கையாளும்போது, ‘என் தரவை அழித்துவிடு’ என்று கேட்கும் உரிமை உள்ளிட்ட பலவற்றுக்கு அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமை மட்டும் மிஞ்சுகிறது. விலக்குக்குக் காரணம் புரிகிறது. எதிர்த்தரப்பு ‘என்னைப் பற்றிய ஆதாரத்தை அழி’ என்று கேட்டால் வழக்கே நடத்த முடியாது. ஆனால் அதே விலக்கு, தன் வக்கீலிடம் தன் படங்களை அழிக்கச் சொல்ல நினைக்கும் பெண்ணின் கையிலிருந்தும் சட்டத்தின் துணையைப் பறித்துவிடக்கூடும். அவளுக்கு மிஞ்சுவது வக்கீலின் மனசாட்சி. அதனால்தான் அறத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கசிந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு அண்மையில் பார்த்தது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளானார். அவர் கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவருடைய அடையாளங்களோடு காவல் துறை இணையதளம் வழியாக வெளியே வந்து கைப்பேசிக்குக் கைப்பேசி பரவியது. புதிய குற்றவியல் சட்டத்துக்கு மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொல்லப்பட்டது. பாலியல் குற்றங்களின் முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இலேயே சொல்லியிருந்தது. பாதிக்கப்பட்டவரை மறைமுகமாக அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று 2018இல் இன்னும் அழுத்திச் சொன்னது. இருந்தும் நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்ததோடு, அறிக்கை கசிந்ததற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது.

அந்த நாட்களில் அந்த அறிக்கையை யாரெல்லாம் பார்வேர்டு செய்தார்கள் என்று கணக்கெடுக்க முடியாது. ஆனால் நம்மில் சட்டம் படித்தவர்கள் ஒன்றை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளலாம். சட்டம் தொடர்பான எத்தனை வாட்ஸப் குழுக்களில் முதல் தகவல் அறிக்கைகளும் மனுக்களும் பெயரைக்கூட மறைக்காமல் ‘தகவலுக்காக’ வந்து விழுகின்றன? பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது பாரதிய நியாய சங்கிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம் என்று தெரிந்தவர்கள் இருக்கும் குழுக்கள் அவை. ‘இது வக்கீல்களுக்குள்ளேதானே’ என்ற நினைப்பு அங்கே வேலை செய்கிறது. அந்தப் பெண்ணுக்கு, தன் பெயரை அறிந்த இருநூறு வக்கீல்களும் ஊர்தான்.

வக்கீலாக இருப்பதும் ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதில்லை. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த மனு ஒன்று ஒரு பெண் வழக்கறிஞருடையது. அவருடைய சம்மதம் இல்லாமல் எடுக்கப்பட்ட அந்தரங்க வீடியோ பல இணையதளங்களில் பரவியிருந்தது. 48 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டார். பிறகு நடந்த விசாரணையில்தான் இன்னொன்று தெரியவந்தது. புகாரை விசாரித்த காவலர்கள் ஆண்கள் பலர் நடுவே அவரை வைத்து அந்த வீடியோவை அடையாளம் காட்டச் சொல்லியிருந்தார்கள். முதல் தகவல் அறிக்கையிலும் அவர் பெயர் இருந்தது. நீதிபதி இதைக் கண்டித்தார். சட்டம் தெரிந்த, நீதிமன்றத்தில் நிற்கப் பழகிய பெண்ணுக்கே ஆதாரம் தருவது இப்படியொரு தண்டனையாகிறது என்றால், முதன்முறை வக்கீல் வீட்டுப் படியேறும் பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ஆதாரத்தை யாருக்கும் காட்டக் கூடாதா? குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை வேண்டாமா? வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கும் வழியொன்று கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் நடிகை ஒருவர் கடத்தப்பட்டு, அவர்மீது நடந்த வன்முறை படமாக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர், தன் தரப்பை நிரூபிக்க அந்த மெமரி கார்டின் நகல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2019 நவம்பரில் வந்த தீர்ப்பு இப்படிச் சொன்னது: மெமரி கார்டில் இருப்பது சட்டப்படி ஓர் ஆவணம்தான். சாதாரணமாக ஆவணத்தின் நகலைத் தர வேண்டும். ஆனால் பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்ட இடத்தில் நகல் தர வேண்டியதில்லை. அவரும் அவருடைய வக்கீலும் நிபுணரும் நீதிமன்றத்தில் வந்து பார்வையிடலாம்.

பார்ப்பது வேறு, வைத்திருப்பது வேறு. இவ்வளவு எளிய வேறுபாடு. எதிர்த்தரப்புக்கு நகல் தரக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லும்போது, நம் தரப்பு வக்கீலுக்கு மட்டும் எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற உரிமை எங்கிருந்து வருகிறது? அதே வழக்கின் தொடர்ச்சி இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்த மெமரி கார்டின் ஹாஷ் மதிப்பு மாறியிருப்பது தடயவியல் சோதனையில் தெரிந்தது. ஹாஷ் மதிப்பு என்பது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே எதையாவது தொட்டால் மாறிவிடும். பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் ஏறி இறங்க, 2023 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் விசாரணைக்கு உத்தரவிட்டு, இப்படிப்பட்ட ஆதாரங்களை எப்படிக் கட்டி, முத்திரையிட்டு, யார் பொறுப்பில் வைக்க வேண்டும் என்று வழிமுறைகளையும் வகுத்தது. நீதிமன்றத்தின் பெட்டகத்துக்கே வழிமுறை தேவைப்படுகிறது. வக்கீலின் கேலரிக்கு ஒன்றும் இல்லை.

இதில் வழக்கின் லாபநட்டமும் இருக்கிறது. மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி அந்தச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். கருவிக்கு உரியவரும் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படமோ சுருங்கிப்போகிறது. எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களை இழந்துவிடுகிறது. அவளுடைய கைப்பேசியில் இருக்கும் மூலத்தின் கைரேகை வேறு, வக்கீலிடம் வந்து சேர்ந்ததன் கைரேகை வேறு. குறுக்கு விசாரணையில் அவளைத்தான் கூண்டில் நிறுத்திக் கேட்பார்கள். ‘போனை மாத்தாதேம்மா, எதையும் அழிக்காதே’ என்று முதல் நாளே சொல்லாத வக்கீலிடம் யாரும் கேட்கப்போவதில்லை. என்ன கையெழுத்திடுகிறோம் என்று விளக்கப்படாமலே அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் பெண்கள் பலர்.

இதுவரை நம் பக்கத்து வக்கீலைப் பார்த்தோம். எதிர்ப்பக்கத்து வக்கீலுக்கும் அறம் உண்டு. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், மனைவிக்குத் தெரியாமல் கணவன் பதிவுசெய்த தொலைபேசி உரையாடல்களை விவாகரத்து வழக்கில் ஆதாரமாகக் கொள்ளலாம் என்றது. பஞ்சாபின் பட்டிண்டா குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. இது மனைவியின் அந்தரங்கத்தை மீறுவது என்று 2021இல் உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டால் அந்த உறவு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பதற்கே அது அடையாளம் என்பது தீர்ப்பின் ஒரு வாதம்.

இந்தத் தீர்ப்பைப் பெண்களுக்கு எதிரானது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நான் தயாராக இல்லை. நான்கு சுவருக்குள் நடக்கும் கொடுமைக்கு வேறு சாட்சி ஏது? ‘உன் பேச்சை யார் நம்புவா’ என்று கேட்டவனின் குரலையே கொண்டுவந்து வைக்க முடிந்தது பல பெண்களுக்குப் பெரிய பலம். ஆனால் ‘ஒருவரையொருவர்’ என்ற சொல்லில் ஒரு பொய்ச் சமத்துவம் ஒளிந்திருக்கிறது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் தானே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் சுமார் 54 சதவீதம்தான். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33 சதவீதம், ஆண்களில் 57. மனைவிக்குக் கைப்பேசி வாங்கித் தருபவன், சிம் கார்டு யார் பெயரில் என்று தீர்மானிப்பவன், கடவுச்சொல்லை அமைத்துத் தருபவன் பெரும்பாலும் கணவன். வேவு பார்க்கும் சாத்தியமே சமமாக இல்லாத வீட்டில், வேவு பார்த்த ஆதாரத்தை இரு தரப்புக்கும் பொது என்று சொல்வது யாருக்குச் சாதகம்?

தீர்ப்பு, ஆதாரத்தை ஏற்கலாம் என்றுதான் சொன்னது. பதிவுசெய்யச் சொல்லிக் கொடுக்கலாம் என்று வக்கீலுக்குச் சொல்லவில்லை. ‘அவ போனை ஒரு நாள் எடுத்துட்டு வாங்க, பார்த்துக்கலாம்’ என்று கணவனிடம் சொல்லும் வக்கீல், ஆதாரம் சேகரிக்கவில்லை, குற்றத்துக்குத் துணைபோகிறார். அவளுடைய இன்ஸ்டாகிராமைத் தோண்டி, தோழிகளோடு சிரித்தபடி நிற்கும் படத்தை ‘நடத்தை’க்குச் சான்றாக மனுவில் ஒட்டுபவரும் அதே வரிசைதான். பாலியல் வன்முறை வழக்குகளில் பெண்ணின் நடத்தையைக் கிளறக் கூடாது என்று சட்டம் ஓரளவு வேலி போட்டிருக்கிறது. குடும்பநல நீதிமன்றத்தில் அந்த வேலி இல்லை. ஆனால் வக்கீல் என்பவர் கட்சிக்காரரின் வெறும் ஊதுகுழல் அல்ல, கட்சிக்காரர் முறைகேடான வழியில் போனால் தடுக்க வேண்டும், மனுக்களில் அவதூறைத் தவிர்க்க வேண்டும் என்று பார் கவுன்சில் விதிகளிலேயே இருக்கிறது. அந்த விதிக்கு இன்ஸ்டாகிராம் தெரியாமல் இருக்கலாம். வக்கீலுக்குத் தெரியும்.

தொழில்நுட்பம் எப்போதும் பெண்ணுக்கு எதிரி என்று நினைத்தாலும் தவறிவிடுவோம். காணொலி விசாரணையின் கதை அதற்கு உதாரணம். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண், கணவன் வேறு ஊரில் போட்ட வழக்கைத் தன் ஊருக்கு மாற்றித் தரும்படி கேட்பது வழக்கம். வழக்கை மாற்றுவதற்குப் பதில் காணொலியில் நடத்தலாம் என்று 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் மூவர் அமர்வு அதை மாற்றியது. குடும்ப வழக்கில் ரகசியம் முக்கியம். சமரச முயற்சி தோற்ற பிறகு இரு தரப்பும் சம்மதித்தால்தான் காணொலி என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டார்.

முதல் தீர்ப்பு அவள் ஊருக்கு வழக்கு வரும் உரிமையைத் திரைக்கு மாற்றாகக் கேட்டது. இரண்டாவது, அவளுடைய கண்ணியத்தைக் காப்பதாகச் சொல்லி, அவளுக்குத் திரை வேண்டுமென்றாலும் கணவன் சம்மதிக்க வேண்டும் என்றது. 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின்படி, மூடிய அறையில் விசாரணை வேண்டும் என்று இருவரில் ஒருவர் கேட்டாலே போதும். அடித்தவன் நிற்கும் நடைபாதையில் நிற்காமல் இருக்க மட்டும் இருவர் சம்மதம் வேண்டியிருந்தது. இரண்டு தீர்ப்புகளும் அவளைப் பற்றி அக்கறையோடு பேசுகின்றன. எது வேண்டும் என்று அவளிடம் கேட்கும் இடம் இரண்டிலும் இல்லை. பிறகு 2020இல் கொரோனா வந்தபோது யாரையும் கேட்காமலே எல்லாமே திரைக்குப் போயிற்று.

இன்று காணொலி சாதாரணமாகிவிட்டது. வக்கீலின் கடமை லிங்க் அனுப்புவதோடு முடிவதில்லை. அந்தப் பெண் எங்கிருந்து பேசப்போகிறாள்? கேமராவில் தெரியாத பக்கம் மாமியார் நின்றுகொண்டிருப்பாரா? லிங்க் போன வாட்ஸப், வீட்டிலுள்ள எல்லோரும் எடுத்துப் பார்க்கும் கைப்பேசியில் இருக்கிறதா? ‘நாளைக்கு வாய்தா, மறந்துடாதீங்க’ என்று அக்கறையோடு அனுப்பிய ஒரு வரி, இன்னும் அதே வீட்டில் வாழ்ந்துகொண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டிருக்கும் பெண்ணின் இரவை என்ன செய்யும்? எந்த எண்ணில், எந்த நேரத்தில், எப்படித் தொடர்புகொள்வது என்று அவளிடம் கேட்டுக் குறித்துவைப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

கடைசியாக வந்து சேர்ந்திருப்பது செயற்கை நுண்ணறிவு. 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதன் பிறகு ‘இல்லாத தீர்ப்பு’ என்பதே இந்த விவாதத்தின் மொத்தமும் ஆகிவிட்டது. அது முக்கியம்தான். ஆனால் பெண்களின் வழக்குகளில் எனக்குக் கவலை வேறு. முதலாவது, அவளுடைய கதை முழுவதையும் பெயரோடு ஊரோடு அந்தப் பெட்டிக்குள் ஒட்டி, ‘மனுவாக எழுது’ என்று கேட்பது. அது எங்கே சேமிக்கப்படுகிறது என்று கேட்டவருக்கே தெரியாது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கையில், இத்தகைய பொதுச் சேவைகளை நீதிபதிகளும் ஊழியர்களும் தவிர்க்க வேண்டும் என்றதற்கு இந்த ரகசியமும் ஒரு காரணம்.

இரண்டாவது, மொழி. கீழ் நீதிமன்றத்தில் தமிழில் இருக்கும் புகாரும் வாக்குமூலமும் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆங்கிலமாக வேண்டும். இப்போது அதை இயந்திரம் ஒரு நொடியில் செய்துவிடுகிறது. ‘கையைப் பிடிச்சு இழுத்தான்’ என்று ஒரு பெண் சொன்னால் நம் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்ல முடியாததைச் சொல்ல நம் பெண்கள் கண்டுபிடித்த வாக்கியம் அது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஆங்கிலத்தில் வெறும் கையும் இழுப்பும்தான் மிஞ்சும். ‘கெடுத்துட்டான்’, ‘தப்பா நடந்துக்கிட்டான்’ எல்லாம் அப்படியே. அவள் சொல்லாமல் சொன்னது அழிந்துபோகும். நீதிபதி படிப்பது ஒரு சின்னத் தள்ளுமுள்ளு. முன்பு குமாஸ்தாவோ ஜூனியரோ மொழிபெயர்த்தபோதும் பிழைகள் இருந்தன. ஆனால் ‘இதுக்கு என்ன அர்த்தம்மா?’ என்று அவளிடம் திரும்பிக் கேட்க அவர்களால் முடிந்தது. மொழிபெயர்த்ததை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டாமல் தாக்கல் செய்வது, அவள் சொல்லாத ஒன்றில் அவள் பெயரைப் போடுவது.

இத்தனையும் கேட்டுவிட்டு ஒரு வக்கீல் சொல்லலாம்: மாவட்ட நீதிமன்றத்தில் நாற்காலிக்கே இடமில்லாமல் தொழில் செய்கிறேன், பிரிண்டரே கடன், நீங்கள் சொல்லும் பாதுகாப்புக்கு நான் எங்கே போவேன்? நியாயமான கேள்வி. அந்த வக்கீல் பெண்ணாக இருந்தால் இன்னும் நியாயம். ஆனால் கேட்பது விலையுயர்ந்த மென்பொருள் அல்ல. தேவைக்கு மேல் வாங்காதிருப்பது, தேவைப்படாதவருக்குத் தராதிருப்பது, தேவை முடிந்த பின் வைத்திருக்காதிருப்பது. முதல் சந்திப்பில் படத்தை அவள் கைப்பேசியிலேயே பார்த்தால் போதும். தாக்கலுக்கு வேண்டியதைப் பென் டிரைவில் அவள் முன்னாலேயே எடுத்து, உறையிட்டு வைக்கலாம். அந்தரங்கமான படமென்றால் நீதிமன்றத்திடம் கேட்டு மூடிய உறையில் தரலாம். வழக்கு முடிந்ததும், மேல்முறையீட்டுக்கான காலமும் கடந்ததும், அவளை அழைத்துத் திருப்பித் தந்து, தன்னிடம் இருப்பதை அவள் கண்முன் அழிக்கலாம். பணம் வாங்கினால் ரசீது தருவதுபோலத்தான் இது. செய்யச் சொல்லும் விதி வேண்டும். பார் கவுன்சில் அதை எழுத வேண்டும். எழுதும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் சட்டக் கல்லூரி மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிக்கு நீங்கள் போகும் அலுவலகத்தில் இந்தப் படங்களை ‘வரிசைப்படுத்தி வை’ என்று உங்கள் கைப்பேசிக்குத்தான் முதலில் அனுப்புவார்கள். பெண் என்பதால் இந்த வேலை உங்களுக்கே வரும். அப்போது, ‘சார், என் போனுக்கு வேண்டாம், ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே செய்றேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த அலுவலகத்தில் அந்த விஷயம் முதன்முறையாகப் பேசப்பட்டிருக்கும்.

வழக்குக்குப் போகும் பெண்களுக்கும் ஒன்று. வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறோம். கூடவே இதையும் கேட்கலாம்: ‘சார், இதை யாரெல்லாம் பார்ப்பாங்க? எங்கே வெச்சிருப்பீங்க? கேஸ் முடிஞ்சதும் எனக்குத் திருப்பித் தருவீங்களா?’ கேட்டால் கோபப்படுவார் என்று பயமாக இருக்கும். கோபப்படாத வக்கீல்களும் இருக்கிறார்கள். கோபப்பட்டால், அவரிடம் எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்பது அங்கேயே தெரிந்துவிடும். கைப்பேசி இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.